ஆணியில் தொங்கிய துப்பட்டா

நவம்பர் 3, திங்கள்

எங்கள் தொண்டு அமைப்புக்குப் புது இயக்குநர் வந்து சேர்ந்தாள். ப்ரீதி. ஹிஞ்சேவாடியில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவளாம். தமிழ்ப் பெண்தான், ஆனால் புனேயிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் தட்டுத் தடுமாறி வருகிறது. "நூர்ஜஹான் தீதி, உங்ககிட்டதான் எல்லாம் கத்துக்கணும்" என்றாள். கற்றுக்கொடுக்க நான், நாற்காலி உனக்கு. ரொம்ப நல்லா இருக்கு நியாயம்!

அந்த நாற்காலி எனக்குத்தான் என்று டிரஸ்டிகள் எத்தனை தடவை சொன்னார்கள். என் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

நவம்பர் 5, புதன்

முதல் மீட்டிங்கிலேயே விதிகள். ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குள் புருஷனையும் விடமாட்டார்கள், பெற்ற அம்மாவையும் விடமாட்டார்கள். வலியில் கிடப்பவள் பக்கத்தில் நிற்க எங்களை மட்டும்தான் விடுவார்கள். அதற்காகவே இருக்கிற அமைப்பு இது. இனிமேல் யார் ஷிஃப்டில் இருக்கிறாளோ அவள்தான் போக வேண்டுமாம். சொந்த நம்பரைக் கொடுக்கக் கூடாதாம். லீவு நாளில் போனே எடுக்க வேண்டாமாம். "நீங்களும் மனுஷிதானே தீதி, ரெஸ்ட் வேணாமா?" நான் கேட்டேனா ரெஸ்ட்?

துப்பட்டாவும் கூடாது, நீலக் கோட்டு மட்டும்தான். வலி எடுத்தவள் கையைப் பிடித்தால் நம் விரல் நொறுங்கிவிடும். அதனால்தான் வார்டுக்கென்றே ஒரு பச்சைத் துப்பட்டா வைத்திருக்கிறேன். நுனியை அவள் கையில் சுற்றி, இழு தாயி என்பேன். சொல்லிப் பார்த்தேன். "ஹைஜீன், தீதி. ஆஸ்பத்திரியிலேயே கேக்கறாங்க" என்றாள்.

ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டேன். தொங்கட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய் பவுனைப் பார்த்துவிட்டு வந்தேன். கள்ளக்குறிச்சிப் பெண், தலைப்பிரசவம், இந்தி ஒரு வார்த்தை தெரியாது. போன மாதம் வார்டைச் சுற்றிக் காட்டியபோது என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தவள். "பச்சைத் துணி எங்கக்கா?" என்று கேட்டாள். ஆபீஸில் இருக்கிறது என்றேன்.

"நீங்க வந்தாத்தாங்க்கா நான் ஆஸ்பத்திரிக்கே போவேன்."

"நான்தான் வருவேன். வேற யாரு வந்தாலும் நம்பிப் போயிராத."

வைஷுவையும் கூட்டிப்போய்ப் பழக்கிவிடச் சொல்லியிருந்தாள் ப்ரீதி. புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெண். என் வண்டி இரண்டு பேரை இழுக்காது என்று சொல்லிவிட்டேன். நாற்காலியைத்தான் எடுத்துக்கொண்டார்கள், பவுனையுமா?

நவம்பர் 18, செவ்வாய்

மீட்டிங். மறுபடியும் மீட்டிங்.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணன் மகன் பாசித்துக்கு இன்று நிக்காஹ். புனே கேம்ப் ஏரியாவில்தான் மண்டபம். பிரியாணிக்கு உட்கார்ந்தபோது ப்ரீதியின் போன். விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பெயரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். லீவு நாளில் எடுக்க வேண்டாம் என்றது யார்? நீ போட்ட விதி, நீயே அனுபவி! போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு துண்டு கறி போட்டுக்கொண்டேன். ருசியாகத்தான் இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

பவுன். பவுனுக்குத்தான் நேற்று வலி எடுத்திருக்கிறது. யா அல்லாஹ்.

அவள் புருஷன் ஆபீஸுக்குப் போன் பண்ண, வைஷு ஆம்புலன்ஸோடு போயிருக்கிறாள். தகரக் கொட்டகையின் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறவே மாட்டேன் என்றாளாம் பவுன். வைஷு அழுதுகொண்டே சொன்னாள். "'நூரக்கா வேற யாரையும் நம்பாதேன்னு சொல்லிருக்காங்க'ன்னு அதையே சொல்லிட்டிருந்தாங்கக்கா. பனிக்குடம் உடைஞ்சப்புறமும் வரல."

கடைசியில் ப்ரீதியே போயிருக்கிறாள், ஆணியில் இருந்த என் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு. அதைப் பார்த்த பிறகுதான் பவுன் வண்டியில் ஏறினாளாம். வார்டிலும் அதை விடவில்லையாம். ப்ரீதியும் விடச் சொல்லவில்லையாம்.

ஆண் குழந்தை. நேரமாகிவிட்டது — பிறந்ததும் அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு போன். எடுத்தா என்னடி குறைஞ்சு போயிருக்கும் உனக்கு? கறி தின்னுட்டு இருந்தியே, பாவி.

நவம்பர் 26, புதன்

துப்பட்டா துவைத்து இஸ்திரி போட்டு என் மேசையில் இருந்தது. ப்ரீதி ஒன்றும் கேட்கவில்லை. ஏன் போனை எடுக்கவில்லை என்றுகூட. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். இதற்கும் அவள்மேல்தான் ஆத்திரம் வருகிறது, என்ன செய்ய?

டிசம்பர் 2, செவ்வாய்

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டார்கள். பால் குடிக்கிறானாம். அல்ஹம்துலில்லாஹ். பூண்டுக் குழம்பும் சோறும் டப்பாவில் கட்டிக்கொண்டு, வைஷுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வண்டி நன்றாகவே இழுத்தது.

பவுன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் நல்லா நடந்துச்சாக்கா?" என்றாள். நடந்துச்சு என்றேன். குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

தூக்கி வைஷுவிடம் கொடுத்தாள். நான் டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.