அப்பா தள்ளிப்போட்ட ஓய்வூதியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்றுதான் எப்போதும் அடுத்த வரியை எழுதுவேன், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்து அறையிலேயே படுத்திருக்கிறார். சுவருக்குக் காது உண்டு என்பார்கள், இவருக்கு அதைவிட அதிகம்.

அப்பாவின் வயிற்று வலி வாயு இல்லையாம் கண்ணு. கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் இவ்வளவு நாள் வராமல் இருந்தீர்கள் என்று அவர் கேட்டபோது அப்பா தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் காரணத்தைப் பிடுங்க முடிந்தது. ஓய்வு வயது வந்தும் ரொட்டிக்கடை அடுப்பை விடாமல் வேலைக்குப் போனாரே, ஓய்வூதியத்தை எழுபது வயது வரை தள்ளிப்போட்டால் மாதாமாதம் வருவது கூடும் என்று யாரோ சொன்னதால்தான். அது உண்மைதான். ஆனால் இவர் அரசாங்க மருத்துவக் காப்பீட்டையும் அதோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டார். சம்பளத்தில் இரண்டுக்கும் ஒன்றாகத்தானே பிடித்தார்கள், இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்று நினைத்தாராம். காலமெல்லாம் மாவு பிசைந்த மனுஷன், எதையும் பொங்க விட்டு எடுத்தால்தான் நல்லது என்பது அவர் எண்ணம். காப்பீட்டுக்கோ அந்த வயதிலேயே தனியாகப் பதிந்திருக்க வேண்டுமாம், தவறினால் பிறகு பதிந்து அட்டை வர மாதக்கணக்கில் ஆகுமாம். வலி வந்த பிறகுதான் ஓடிப்போய்ப் பதிந்திருக்கிறார். அட்டை வரும் வரை ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்து மாவு மூட்டையில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றாராம், கூட வேலை பார்த்த கேக் மாஸ்டர் வந்து சொல்லி அழுதார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று உன் கல்யாணத்துக்கு என்னை விரட்டி எடுத்தவர், தன் உடம்பை இப்படி ஆறப்போட்டார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, படுத்திருக்கிறவரிடம் அதை எப்படிக் காட்டுவது.

வேலையை நிறுத்தியாகிவிட்டது, இனியாவது ஓய்வூதியத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள், கொஞ்சம் சுகமாக இருங்கள் என்றேன். எழுபதுக்கு இன்னும் சில மாசம்தானே இருக்கு, அதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சுட்டேன்னா எனக்கப்புறம் உனக்கு நிறைய வரும், நீ யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அன்றிலிருந்து என்ன கொடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முழுங்குகிறார். பாதி வெளியே வந்துவிட்டால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி டம்ளரை நீட்டுகிறார். மாத்திரையை நான் மறந்தாலும் அவரே கேட்டு வாங்குகிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறார்.

போன வாரம் காய் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லி ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் தன்மையானவள். தள்ளிப்போட்டா கூடுறது அவர் கையில வாங்குற பணம் மட்டும்தாம்மா, அவருக்கப்புறம் உங்களுக்கு வர்ற பங்கு இன்னைக்கும் அதேதான், எழுபதுலயும் அதேதான் என்றாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னொரு தடவையும் சொன்னாள். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. காலிப் பையோடு வீட்டுக்கு வந்தேன், விலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சொன்னால் அவர் இன்றே கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பார். அப்படிப் படுத்தால் எழுந்திருப்பாரா என்றுதான் பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் எனக்காக இந்தப் பாடு படுகிறார். எது நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு, தெரிந்தால் நீ சொல்.

வேலையில் லீவு கொடுக்க மாட்டோம் என்றாலும் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வா. நீங்கள் இரண்டு பேரும் உங்கள் காப்பீட்டுக்கு எப்போது பதிய வேண்டும் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை நம்பி இன்னொன்றை விடாதீர்கள். நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருங்கள். முக்கியமாக, போனில் பேசும்போது அந்தப் பெண் சொன்னது உன் வாயில் வந்துவிடக் கூடாது. இன்று காலை கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, இன்னொரு நாள் சேர்த்துட்டேன் உனக்கு என்றார். ஆமாம், சேர்ந்துவிட்டது என்றேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா