காட்டுக்குள் மட்டும் வணக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று மாதாவை நம்பி எழுதுகிறேன். நான் நல்ல சுகம், கோபம் மட்டும்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வேலையிடத்து மதுரன் என்னைக் காட்டுக்கு நடக்கக் கூட்டிப்போனான். ஊதாப்பூப் புதர் மண்டிய மேட்டில் ஏறி, பைன் மரங்களுக்குள் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பாதை. இதற்கா இவ்வளவு மூச்சு வாங்கல்!

வழியில் ஒரு கல்லில் ஆர்னே குந்தியிருந்தார். நான் இருக்கும் அம்மருட் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர். இரண்டு வருடமாக லிஃப்டில் நான் வணக்கம் சொன்னால் சுவரைப் பார்ப்பவர். அந்த மனிதர் சிரித்து, தானே வணக்கம் சொல்லி, கோப்பியும் ஊற்றித் தந்தார்!

திங்கள் காலை லிஃப்டில் நான் முந்திச் சிரித்தேன். மறுபடியும் சுவர்! மதுரனிடம் பொரிந்து தள்ளினேன்.

"இஞ்சை சனம் காட்டுக்குள்ளைதான் கதைக்கும். லிஃப்டுக்குள்ளை கதைச்சால் பயந்துபோகும்," என்றான்.

மரத்தைக் கண்டால்தான் வாய் திறக்குமாம்! இது என்ன பழக்கம், அம்மா?

விடுமுறைக்கு ஊருக்கு வரும் றொஷானி அக்காவிடம் எள்ளுருண்டை கொடுத்துவிடுங்கள், இரண்டு பேருக்குக் காணுமளவு. லிஃப்டில் நீட்டினால் அந்த மனிதர் வாங்கமாட்டார்; காட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகன்,
ஜெனிஸ்ரன்