முகாமில் மைக் கட்டியவருக்கு

வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதன் மை நாற்றம் அடுப்படி வரை வருகிறது. அதில் உங்கள் படம். மகள் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து முகத்தை வெட்டி, யாருடைய கோட்டு சூட்டிலோ ஒட்டிவிட்டிருக்கிறார்கள். அடியில் உங்கள் பேரோடு ‘நினைவு இதயநோய்த் தடுப்பு முகாம்’. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நல்ல சிரிப்பில்லை.

ஊரில் எந்த இதய முகாம் நடந்தாலும் மைக் செட் உங்களுடையதுதானே. “எல்லாரும் வாங்க, பிரஷர் பாத்துக்கங்க, நெஞ்சுவலிய வாயுன்னு விட்டுடாதீங்க” என்று தொண்டை கிழியக் கூப்பிடுவீர்கள். நடவு வயலிலிருந்து பெண்கள் சேற்றுக்காலோடு வருவார்கள். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்களை, முகாம் நடத்தும் சங்கத்தின் தலைவர் வரும்வரை உட்கார வைப்பார்கள். அந்த மகராசன் ரெண்டு தெரு தள்ளியிருந்து காரில் வந்திறங்கி, “தினமும் நடங்க” என்று அவர்களுக்கு உபதேசம் செய்வார். தூ!

நீங்கள் மட்டும் லேசுப்பட்டவரா? “ஏங்க, நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்களேன்” என்றால், “வேலைக்கு வந்தவன் வரிசையில நின்னா சங்கத்துக்காரங்க என்ன நினைப்பாங்க?” என்பீர்கள். தோள் வலித்தபோது, பெட்டி தூக்கிய வலி என்றீர்கள். ஒரு சோடா, ஒரு ஏப்பம், முடிந்தது வைத்தியம். அடுத்த முகாமுக்கு மைக் கட்டப் போனவர் பந்தலிலேயே சாய்ந்தீர்கள். டாக்டர் அப்போது தலைவர் வீட்டில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை குத்துவிளக்கேற்ற என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய மனசாம். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: “பந்தல் போட்டவங்க, டீ போடுறவரு, மைக் செட்டுக்காரரு, இவங்களுக்கு முதல்ல பாருங்க. அப்புறம் ஏத்துறேன்.”

தலைவர் முகம் சுண்டிப்போனது. “நல்ல நேரம் போயிடும்மா.”

“யாருக்கு?” என்றேன்.

டீ போடுபவர், “எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்” என்று நழுவப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்து நர்ஸ் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். நர்ஸ் பிரஷர் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். ஈ.சி.ஜி. எடுத்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் அவர் வீட்டுக்காரி போனில் அழுதாள். “பொழச்சிக்கிட்டாருக்கா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதான்னாங்க.”

நல்லா இரும்மா என்றேன். போனை வைத்துவிட்டு உங்களைத் திட்டினேன், வாய் ஓயும்வரை. இந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை; எந்த முகாம் போட்டாலும் இதோடுதான் போய் நிற்பேன். அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார உங்களுக்குக் கூச்சம். உட்கார்ந்திருந்தால் இப்போது எனக்கெதிரே சோறு தின்றுகொண்டிருப்பீர்கள்.