கரடி தட்டும் முட்டி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்களும் நலம் என்று நம்பச் சொல்கிறார் அம்மா.

எங்கள் கார்ட்டூன் படத்துக்குப் பெரிய விருது கிடைத்துவிட்டது. அதில் கிழக் கரடி எழுந்திருக்கும் முன் முட்டியை இரண்டு முறை தட்டும். அது உங்களைப் பார்த்து நான் வரைந்தது. மேடையில் டைரக்டரோ, "அது எங்கப்பாவோட பழக்கம்" என்று கண்கலங்கினார். எனக்குச் சந்தேகம். விழா முடிந்து நடந்த விருந்துக்கு அவர் அப்பாவும் வந்திருந்தார், அவரையே கவனித்தேன். மனிதர் ஸ்பிரிங் மாதிரி எழுந்தார். "முட்டி வலி தேவலையா?" என்றேன். "வலியா, எனக்கா?" என்று சிரித்தார். நான் சண்டை எதுவும் போடவில்லை, பயப்படாதீர்கள்.

போனில் நீங்களும் "வலியெல்லாம் போயிடுச்சுப்பா" என்கிறீர்கள். அதையும் நான் நம்பவில்லை. நாற்காலியை விட்டு எழுவதை அம்மாவிடம் சொல்லி வீடியோ எடுத்து அனுப்புங்கள். முகமும் தெரியட்டும். ஆபீஸில் சாப்பாட்டு நேரம் முடிந்தது, ஓடுகிறேன். நடித்து ஏமாற்றப் பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் முட்டியை எட்டு மாதம் வரைந்த மகன்