வெள்ளிக்கிழமைக் குளியல்

வியாழன், இரவு.

இன்று ஜெயித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, வராவிட்டால் போகட்டும்.

கோரிப்பாளையத்தில் எங்கள் கண் மருத்துவமனையில், கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்கள் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுப்போம். புதுத் தாளை மேனேஜர் செல்வம் ஏஐயிடம் எழுதி வாங்கிவிட்டார்.

"டாக்டரே எழுதுன மாதிரி இருக்கு. அப்படியே பிரிண்ட் போடுங்க சிஸ்டர்."

நோயாளி ஒருவருக்காவது படித்துக் காட்டாமல் போட மாட்டேன் என்றேன். சிரித்தார். காலையில் ஆபரேஷன் முடிந்து, கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த பாண்டியம்மாளிடம் வாசித்தேன். 'மறுநாள் முதல் வழக்கம்போல் குளிக்கலாம்' என்றதும் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"நல்லதாப் போச்சு தாயி. நாளைக்கு வெள்ளிக்கிழமைல்ல, எண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்திக்கிறேன்."

செல்வத்தின் சிரிப்பு நின்றது. புண் ஆறாத கண்ணில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். "தலை நனையவே கூடாதும்மா" என்று பாண்டியம்மாள் கையைப் பிடித்துச் சொன்னேன். தாளை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, 'கழுத்துக்குக் கீழே மட்டும்' என்று எழுதினார். இனி ஏஐ எழுதும் எதுவும் நான் படிக்காமல், அவர் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாதாம்.

சாயங்காலம் அந்த உத்தரவை நோட்டீஸாக ஒட்டும்படி செல்வத்திடம் டாக்டர் சொன்னார். அவர் அதையும் ஏஐயிடம்தான் எழுதி வாங்கியிருந்தார். ஒட்டப் போனவர் பாதியில் திரும்பி வந்தார்.

"இதையும் ஒரு தடவ பாத்துருங்க சிஸ்டர்."

இரண்டே வரி. நிதானமாக மூன்று முறை படித்தேன். அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.