குண்டான் மூடி விழுந்த பகல்

என் ஆசை நைனாவுக்கு,

இங்கே விடாத மழை. அண்ணனூரில் உன் பேத்தி கலாவின் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சொல்லும்வரை வர வேண்டாம் என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு மண்ணூர்பேட்டைக்கு, பகல் பொழுதுக்கு நம் வீட்டுக்கே வந்துவிட்டேன். அம்மா கேன்டீன் வேலைக்குப் போயிருக்கிறாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த தம்பி சேகர், நீ படுக்கும் இடத்தில் படுத்திருக்கிறான். நீ எங்களை விட்டுப் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன் பாயும் அவனுக்கு வந்துவிட்டது, நீ ஓட்டிய தகடு வெட்டும் பிரஸ் மெஷினும் அவனுக்கு வந்துவிட்டது.

மாமா தூங்குகிறார், சத்தம் கூடாது என்று கலாவிடம் சொன்னேன்.  இதே மாதிரி ஒரு வாரம் நமக்கும் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா?

மொழிப் போராட்டத்தில் பள்ளிக்கூடங்களை எல்லாம் திடீரென்று மூடிய வருஷம் அது. எனக்குப் பதினொன்று, சேகருக்கு ஆறு. ஒற்றை அறை வீடு, நடுவில் பாய் போட்டு நீ. வேலைக்குக் கிளம்புமுன் அம்மா எங்களை வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "நைனா தூங்கலன்னா ராத்திரி மெஷினாண்ட கண்ணு அசரும். அசந்தா விரலு போயிடும். வாயத் தொறந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்."

அம்மா சும்மா பயமுறுத்தவில்லை. தகட்டை வைத்துவிட்டுப் பெடலை மிதிக்கிற வேலை. கை விலகுவதற்குள் கால் மிதித்துவிட்டால் தீர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் மூன்று விரலால் பீடி பிடிப்பதை நாங்கள் தினமும் பார்த்தவர்கள்தானே.

வெளியே கலாட்டா என்று தெருவுக்கும் போகக் கூடாது. என்னதான் செய்வோம்? கல்லுக்குப் பதிலாகப் பழந்துணியைச் சுருட்டி அஞ்சாங்கல் ஆடினோம். ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் வட்டத்தைக் கையில் பிடித்து விளையாடினோம். அது நகர்ந்து உன் முழங்காலைத் தொட்டால் சோறு தின்னும் நேரம். வாயை மட்டும் அசைத்துப் பேசக் கற்றுக்கொண்டோம். சேகர் எங்கள் வாத்தியார் மாதிரி சத்தமே இல்லாமல் அட்டெண்டன்ஸ் எடுப்பான், நான் பாவாடையைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அவ்வளவு பயத்திலும் அப்படி ஒரு சந்தோஷம், நைனா. அதற்கப்புறம் அப்படிச் சிரித்தேனா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் சேகரின் கால் பட்டுக் குண்டான் மூடி விழுந்தது. விழுந்தது அடங்கியதா என்றால் இல்லை, சுற்றிச் சுற்றி ஊரையே கூப்பிட்டது. நீ புரண்டு படுத்தாய். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலை இடது கையில் கட்டோடு வந்தாய். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. சத்தம் போட்டீர்களா என்று அம்மா எங்களை உலுக்கினாள். இல்லை என்று இரண்டு பேரும் சாதித்தோம். நீ குறுக்கே வந்தாய்: "புள்ளைங்கள இன்னாத்துக்கு மெரட்ற? அதுங்க மூச்சுகூட வுடல."

அன்று முதல் சேகர் ஆளே மாறிப்போனான். இன்றைக்கும் ஒரு பாத்திரத்தை மூடினால், இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத்தான் வைப்பான். அம்மாவுக்கு அது ஒழுக்கமாகத் தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தபோது, இனிமேல் எப்போது சொல்வது என்று மூடி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நீ சிரித்தாய். "மூடியா? அது உழறதுக்கு முன்னாலயே முழிச்சிகினுதான் இருந்தேன். அந்த வாரம் பூரா நான் எங்க தூங்கினேன்? என்னிக்கு, கண்ணு, உங்க ரெண்டு பேத்தையும் பகல்ல பாத்துக்கீறேன்? கண்ண இடுக்கினு பாத்துகினே படுத்துகினு இருந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்குப் புத்தி இருக்கிறதா நைனா? எங்கள் சிரிப்பைப் பார்க்க விரலையா கொடுப்பார்கள்? அதனால்தான் இத்தனை நாள் சேகரிடம் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அவன் பாரம் இறங்குமா, கூடுமா?

சற்று முன்பு கலா கொடியில் கிடந்த என் புடவையைச் சுற்றிக்கொண்டு, வாயை மட்டும் அசைத்து என்னைப் போலத் திட்டி நடித்தாள். தற்செயலாகச் சேகர் பக்கம் திரும்பினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு உயிரே போய்விட்டது. தூங்குடா என்று வாயை அசைத்தேன். இன்னும் கொஞ்சம் என்று அவனும் வாயை அசைத்தான்.

பதிமூன்று வருஷமாகப் பேசாத பாஷை. அதிலேயே சொல்லிவிட்டேன், நைனா. "மூடியால இல்லடா. நைனா தூங்கவே இல்ல. நம்மளப் பாத்துகினு இருந்துச்சு."

எத்தினி நாளு என்று கேட்டான். அஞ்சு நாளும் என்று விரலைக் காட்டினேன். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதான். சத்தமில்லாமல்தான், கலாவுக்குத் தெரியவில்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இப்போது குறட்டை வருகிறது.

அது நிஜக் குறட்டைதானா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ ஏமாற்றினாய், இவனை ஏமாற்ற விடமாட்டேன். மழை விடும்வரை தினமும் வருவேன், தூங்க வைத்துத்தான் வேலைக்கு அனுப்புவேன். கலா ஆடுவதை அவன் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளட்டும், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு.

உன் தூக்கத்தைத் தின்று வளர்ந்த மூத்த மகள்,
சரோஜா