ஈரத்துணி மேல் போட்ட பழி

ஜூன் 3, செவ்வாய்

ஒருவழியாக ரவுட்டர் வாங்கியாயிற்று. இத்தனை நாள் இந்த வீட்டில் இணையம் என்றால் ஒரே ஒரு கேபிள்தான். மோடத்தில் கிளம்பி அத்தை அறையிலிருக்கும் பழைய கணினியில் போய் முடியும். காலை பத்து மணிக்கு, வெளியூரில் நாத்தனார் குழந்தையைக் குளிப்பாட்டுவதை வீடியோவில் பார்க்க அத்தை கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பேத்திக்கு இன்று ஆறு வாரம். சாயங்காலம் பாடக்குறிப்பு எடுக்க நானும் அந்த அறைக்குத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து வந்ததும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நிற்பார். அங்கேதான் சிக்னல்.

ஆசிரியர் அறையில் அளந்துவிட்டு வந்தேன். "இதுக்குப் போய் ஆள் கூப்பிடுவாங்களா? பத்து நிமிஷ வேலை." கணக்கு டீச்சர், "உங்களுக்கென்ன, கம்ப்யூட்டர் டீச்சர்" என்றாள். வழியெல்லாம் அது இனித்துக்கொண்டே வந்தது.

ஜூன் 4, புதன்

வரவில்லை.

ரவுட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது. கைபேசியில் நான் வைத்த பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டை வாங்கிக்கொள்கிறது, பிறகு 'இணைய இணைப்பு இல்லை' என்கிறது. கேபிளைப் பிடுங்கிப் பழையபடி கணினியில் செருகினால் அதிலும் இல்லை! இருந்ததும் போச்சு. இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை, "பத்து நிமிஷம்னு சொன்னியே" என்றார். கிண்டல்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

வாசற்படியில் அத்தை. "நாளைக்குக் காலையில பாப்பாவைப் பாக்க முடியுமாம்மா?"

அப்போதுதான் கேட்டேன். "அத்தை, இந்த ஷெல்ஃபை இன்னிக்குத் துடைச்சீங்களா?"

"ஆமாம்மா. ஒரே தூசி."

"எதால?"

"ஈரத்துணியாலதான்."

"மோடத்தையுமா?"

"மேலாப்புல லேசா…"

"அதான்."

ஒரே ஒரு சொல். தெரிந்து சொன்னேனா? இல்லை. சொன்னதும் முதுகிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. அவர் அத்தை மேல் பாய்ந்தார். "ஏம்மா, கரண்டு சாமானைப் போய் ஈரத்துணியால துடைப்பாங்களா? உன்னை யாரு இதெல்லாம் தொடச் சொன்னது?" அத்தை தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியாம பண்ணிட்டேம்பா."

நான் குனிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

காலை பத்து மணிக்கு அத்தை கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாராம், அணைந்திருந்த திரையைப் பார்த்துக்கொண்டு. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

ஜூன் 6, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பு. வலையமைப்புப் பாடம். வருஷா வருஷம் போடுகிற அதே படத்தைக் கரும்பலகையில் போட்டேன். இந்தப் பக்கம் மோடம், அந்தப் பக்கம் ரவுட்டர். ரவுட்டரின் முதுகில் வரிசையாக நான்கு துளை, தள்ளி வேறு நிறத்தில் ஒன்று. "வெளியிலேர்ந்து வர்ற லைன் இந்தத் தனித் துளையில மட்டும்தான் போகணும்" என்று வாய் சொல்கிறது, கை கோடு இழுக்கிறது. சாக்பீஸ் பாதியில் நின்றுவிட்டது.

நான் வீட்டில் செருகியது அந்த நான்கில் ஒன்றில்.

அதோடு இன்னொன்றும் நானே நடத்துகிற பாடம்தான். சில மோடம் ஆன் ஆனதும் முதலில் இணைந்த கருவியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதைக் கொஞ்ச நேரம் அணைத்துவைத்தால்தான் அடுத்ததற்கு வழிவிடும். புதன்கிழமை மோடத்தை அணைத்து ரவுட்டரோடு போட்டதால் அதையே பிடித்துக்கொண்டது, கணினியில் திரும்பச் செருகியும் வராததற்கு அதுதான் காரணம். ஈரமுமில்லை, துணியுமில்லை. பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்!

மத்தியானம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. என் சாவியால் திறந்து போனால் ஷெல்ஃபில் மோடத்தைக் காணோம்.

அரை மணி கழித்து அத்தை வந்தார், முகமெல்லாம் வேர்த்து. துணிப்பையிலிருந்து எடுத்தார் – துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல. கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோயிருக்கிறார், தனியாக, இரண்டு பேருந்து மாறி.

"அவரு கழட்டிப் பாத்தாரும்மா. இதுல ஒண்ணுமே கெடல, தண்ணி பட்ட அடையாளமே இல்லங்கறாரு."

இப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட.

"ஆனா அவருக்கு என்ன தெரியும்? ரேடியோ பாக்கறவரு. நீ டீச்சரு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தத் தனித் துளையில் செருகினேன். இரண்டே நிமிஷம். கைபேசியில் வந்துவிட்டது, கணினியிலும் வந்துவிட்டது. அத்தை கையைக் கூப்பிக்கொண்டு, "எப்படிம்மா?" என்றார்.

"ஈரம் காஞ்சிருக்கும் அத்தை."

புதன்கிழமை சொன்னது தெரியாமல் சொன்னது என்றே வைத்துக்கொள்வோம். இது? இதை என்னவென்று எழுத?

ஜூன் 9, திங்கள்

அத்தை மின்விசிறி போட என்னைக் கேட்கிறார். "போடலாமாம்மா?" மிக்ஸி பக்கமே போவதில்லை. ஷெல்ஃபில் தூசி படிகிறது, அந்த ஒரு தட்டில் மட்டும். நான் துடைக்கப் போனேன், முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

நாத்தனார் போனில் பேசினாள். "அண்ணி, அம்மா ஏன் காலையில வர்றதே இல்ல? கேட்டா, அண்ணி ஸ்கூல்லேர்ந்து வந்து போட்டுக் குடுக்கட்டும்ங்கறாங்க. நீங்க வர்றதுக்குள்ள பாப்பா தூங்கிடறா. நேத்து குளிப்பாட்டும்போது முதல் தடவையா என்னைப் பாத்துச் சிரிச்சா அண்ணி. அதைப் பாக்க அம்மா இல்ல."

"வயசாச்சில்ல, பயப்படறாங்க" என்றேன்.

சீ. என்ன நாக்கு இது.

ஜூன் 15, ஞாயிறு

அவருடைய அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். சாப்பிட்ட கையோடு அவர் ஆரம்பித்துவிட்டார். "எங்கம்மா மோடத்தையே குளிப்பாட்டிட்டாங்க! பேத்தியைத்தான் குளிப்பாட்ட முடியல, இதையாவது குளிப்பாட்டுவோம்னு." எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். அவருடைய அண்ணன், "நல்லவேளை, வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் டீச்சர் இருந்ததால பொழைச்சது" என்றார். அதற்கும் அத்தை, "ஆமாப்பா, அவ இல்லேன்னா…" என்று தலையாட்டினார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். நானும் சிரித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

மூன்று முறை அத்தை அறை வரைக்கும் போனேன். மூன்றாவது முறை, "என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்றார். "ஒண்ணுமில்ல அத்தை, ஜன்னல் சாத்தியிருக்கான்னு பாத்தேன்."

ஜூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் போய்த் தரையில் உட்கார்ந்தேன். கட்டிலில் உட்கார்ந்து சொல்ல முடியாது போலிருந்தது. "அத்தை, அது உங்களால கெடல. நான்தான் தப்பான இடத்துல செருகினேன். துணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. இன்னொரு சட்டையையும் மடித்து வைத்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"போன வெள்ளியா?"

"அதுக்கும் முந்தின வெள்ளி."

"நான் கடைக்குப் போயிட்டு வந்தேனே, அன்னிக்கா?"

"ஆமா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

அழுவார் என்று நினைத்தேன். 'போனாப் போகுது விடும்மா' என்பார் என்றும் நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டும் நடக்கவில்லை.

"வேர்க்க விறுவிறுக்க வந்து நின்னேனே. அப்பவும் ஈரம் காஞ்சிருக்கும்னு சொன்னியே." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த எட்டு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "அப்ப நான் என்ன, முட்டாளா உனக்கு?"

"இல்ல அத்தை…"

"எம் பையன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. எனக்காக நான் பேச மாட்டேன். இப்ப எந்திரிச்சுப் போ."

எழுந்து வந்தேன். பை இன்னும் தோளில்தான் இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

அத்தை பேசவில்லை. டீ போட்டு மேசையில் வைத்தேன், ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

அவரிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. வெட்கங்கெட்ட நாட்கள். இன்று செய்தித்தாளை இழுத்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. அப்புறம் முகம் மாறியது. "அண்ணன் முன்னாடி அம்மாவை வெச்சு அவ்வளவு சிரிச்சேனே. அப்ப நீ அங்கதானே நின்னே?"  எழுந்து அம்மா அறைக்குள் போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

பிறகு நானே அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டேன். மாடிப்படியில் நின்றேன், பழக்கதோஷம். நடந்ததையெல்லாம் சொன்னேன். முடித்ததும், "சரி, அம்மாகிட்டக் குடு" என்றார்.

ஜூன் 26, வியாழன்

இன்று என்னோடு முதல் பேச்சு. "ஆன் பண்றது, ஆஃப் பண்றது, எந்த விளக்கு எரிஞ்சா என்ன அர்த்தம், எல்லாம் ஒரு காகிதத்துல எழுதிக் குடு. பெரிய எழுத்துல. இங்கிலீஷ் வேண்டாம்." எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தார். "சிவப்பு எரிஞ்சான்னு போட்டிருக்கியே, எரிஞ்சா என்ன பண்ணணும்னு போடலயே?" வாங்கித் திருத்திக் கொடுத்தேன். இரண்டாவது முறையும் ஒரு தப்பு கண்டுபிடித்தார்.

ஜூலை 8, செவ்வாய்

பதினொன்றரை மணிக்குப் பள்ளி அலுவலக எழுத்தர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஏதோ விபரீதம் என்று பதறிவிட்டேன். கையில் ஒரு துண்டுச்சீட்டு, என் பிள்ளைகள் முன்னாலேயே சத்தமாக வாசித்தார்.

"உங்க மாமியார் பேசினாங்க டீச்சர். காலையில பாப்பாவோட பேசிட்டிருக்கும்போதே லைன் போயிடுச்சாம். அஞ்சு நிமிஷம் அணைச்சு வெச்சுப் போட்டுப் பாத்தாங்களாம், சிவப்புதான் எரியுதாம். கம்பெனிக்கு அவங்களே போன் பண்ணிட்டாங்களாம், நாலு மணிக்கு ஆள் வருமாம். அதுவரைக்கும் உங்களை எதையும் தொட வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

வகுப்பே சிரித்தது. எழுத்தரும் சிரித்தார்.

மூன்றரைக்கு வீடு வந்தேன். அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தக் காகிதம். "வந்துட்டியா? உள்ள போய் முகம் கழுவு. அவன் வந்தா நான் பேசிக்கறேன்."

"சரிங்கத்தை" என்றேன். சொன்னபடி எதையும் தொடவில்லை.